டான்யூப் நதிக்கரையில் மொழி பயின்ற நாட்கள்

தென் ஜெர்மனியின் பவேரியா மாநிலத்தில், டான்யூப் ஆறு தன் நெடும்பயணத்திலேயே மிக வடக்கே வந்து தொட்டுத் திரும்பும் இடத்தில், ரேகன்ஸ்பூர்க் என்னும் பழம்பெரும் நகரம் அமைந்துள்ளது. கி.பி. 179-இல், மார்க்குஸ் அவுரேலியுஸ் பேரரசராக விளங்கிய காலத்தில், உரோமையர் இங்கே கல்லால் ஒரு படைப்பாளையம் எழுப்பினர். அதன் வடக்கு வாயிலின் ஒரு பகுதி இன்றும் ஒரு கட்டடச் சுவரோடு சுவராக நின்றுகொண்டிருக்கிறது. 1135 முதல் 1146 வரை கட்டிய கற்பாலம் ஒன்று ஆற்றின் குறுக்கே இன்றளவும் பயன்பட்டு வருகிறது. தூய பேதுரு பேராலயத்தின் இரட்டைக் கோபுரங்கள் 105 மீட்டர் உயரம் வானை நோக்கி எழுந்துள்ளன. 2006-இல் இந்நகரின் பழைய பகுதி உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. இவற்றையெல்லாம் விரிவாக எழுதினால் வழிகாட்டி நூலாகிவிடும். நாம் இங்கே சொல்ல வந்தது வேறொன்று.

இந்நகருக்குச் சற்று மேற்கே நாப் என்னும் ஆறும், நகரத்தின் உள்ளேயே ரேகன் என்னும் ஆறும் வடக்கிலிருந்து வந்து டான்யூபில் கலக்கின்றன. மூன்றும் தண்ணீர்தான். ஆயினும் ஜெர்மன் மொழியில் டான்யூப் பெண், நாப் பெண், ரேகன் மட்டும் ஆண். மேற்கே ஓடும் ரைன் நதியும் ஆண். நம் நாட்டில் காவிரியும் கங்கையும் தாமிரபரணியும் பெண்ணாகவே வணங்கப்படுவதைக் கண்டு வளர்ந்த நமக்கு, எந்த ஆறு ஆண், எந்த ஆறு பெண் என்று கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்வது புதுமையாய் இருந்தது. போதாக்குறைக்கு ‘ரேகன்’ என்னும் சொல்லுக்கு மழை என்றும் பொருள் உண்டு. அந்த மழையும் ஆண்தான்!

கோடைக் காலத்தில் ஜெர்மானியப் பங்குத்தந்தையர் விடுமுறையில் செல்லும் வாரங்களில், அவர்தம் பங்குகளைக் கவனித்துக்கொள்ள இந்தியக் குருக்களை அழைப்பது பல ஆண்டுகளாக நிலவிவரும் வழக்கம். அவ்வழக்கத்தின்படி ரேகன்ஸ்பூர்க்கை அடுத்துள்ள ஒரு சிற்றூரில் சில கோடைகளைக் கழிக்கும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. முறையான வகுப்பிலே இலக்கணம் பயின்று, தேர்வு எழுதி, சான்றிதழும் பெற்றே சென்றோம். 2001 முதல் ஐரோப்பிய நாடுகள் மொழித்திறனை ஏ1 தொடங்கி சி2 முடிய ஆறு படிகளாக வகுத்துள்ளன. நம் பங்குகளிலிருந்து செவிலியராகவும் மாணவராகவும் ஜெர்மனி செல்லத் துடிக்கும் இளையோரின் பெற்றோருக்கு இப்பெயர்கள் இப்போது மனப்பாடமாகியிருக்கும். அப்படிகள் வேண்டியவையே. ஆனால் படியேறி மேலே சென்றபின் வீட்டிற்குள் நுழைய வேறொரு கதவு இருக்கிறது. திருப்பலியில் நூலில் அச்சிட்டிருப்பதை உரக்கப் படித்துவிடலாம். திருப்பலி முடிந்து ஆலய வாசலில் நிற்கும்போது, கையைப் பற்றிக்கொண்டு ஒரு மூதாட்டி கேட்கும் கேள்விக்கு அச்சிட்ட விடை எந்நூலிலும் கிடையாது.

முதலில் வணக்கத்தைப் பார்ப்போம். ஜெர்மன் பாடநூல்கள் ‘கூட்டன் டாக்’, அதாவது ‘நல்ல நாள்’ என்று கற்பிக்கின்றன. பவேரியாவின் சிற்றூர்களில் அவ்வாறு சொன்னால், ‘இவர் வடக்கத்தியார் போலும்’ என்று நம்மைப் பார்ப்பார்கள். அங்கே கடைக்காரரும் பேருந்து ஓட்டுநரும், ஆலயப் பக்கமே தலைவைத்துப் படுக்காதவரும்கூட, ‘கிரூஸ் கோட்’ என்றே சொல்கின்றனர். கடவுள் உம்மை வாழ்த்துவாராக என்பது அதன் கருத்து. பிரியும்போது சொல்லும் ‘ஃப்யாட் டி’ என்பதோ, ‘கடவுள் உன்னைக் காப்பாராக’ என்னும் முழு வாக்கியம் நூற்றாண்டுகளாக வாயில் உருண்டு உருண்டு தேய்ந்துபோன கூழாங்கல். நண்பர் ஒருவரையொருவர் காணும்போது ‘செர்வுஸ்’ என்பர். குருமடத்திலே இலத்தீன் பயின்றவர்களுக்கு இது தூக்கிவாரிப் போடும். ‘ஊழியன்’ என்று பொருள்படும் இலத்தீன் சொல் அது. ‘உம் ஊழியன்’ என்று தாழ்மையுடன் சொல்லிவந்தது, இன்று மிதிவண்டியில் போகும் சிறுவர் ஒருவர்க்கொருவர் வீசியெறியும் சொல்லாகிவிட்டது. அந்த இலத்தீன் நமக்கு வேறு வகையிலும் கைகொடுத்தது. சன்னலுக்கும் மதிலுக்கும் திராட்சை இரசத்திற்கும் பாலாடைக்கட்டிக்கும் ஜெர்மானியர் வழங்கும் சொற்கள், உரோமைப் போர்வீரர் விட்டுச்சென்ற இலத்தீன் சொற்களே.

நமது உண்மையான பள்ளிக்கூடம் ரொட்டிக் கடை. ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில், ஒரே கடையில், ஒரே பெண்மணியிடம், ஏறத்தாழ ஒரே பொருளை வாங்குவது மொழி பயில்வோர்க்கு ஈடிணையற்ற வழி என்பது நமது துணிபு. ‘வாஸ் தார்ஃப்ஸ் ஸைன்?’ என்று அவர் கேட்பார். என்ன வேண்டும் என்பதைப் பணிவாகக் கேட்கும் முறை அது. நாம் விடை சொன்னதும், ‘வேறு ஏதேனும்?’ என்பார். விலையைச் சொல்வார். மீதியைத் தருவார். நாள்தோறும் இதே நாடகம். பத்தாம் நாள் அந்நாடகத்தில் ஒரு புது வரி சேரும். ‘இன்று புழுக்கம் அதிகம், மாலையில் இடி இடிக்கும்’ என்பார். மறுநாள் தம் முழங்கால் வலியைப் பற்றிச் சொல்வார். பழகிய தடத்திலே ஒரே ஒரு புதுச்சொல் வந்து விழும்போது, அகராதியின் உதவியின்றியே பொருள் விளங்கிவிடுகிறது.

அக்கடையில் நாம் வாங்கிய சிறு உருண்டை ரொட்டிக்குப் பவேரியாவில் ‘ஸெம்மல்’ என்று பெயர். தமிழில் செம்மல் என்றால் பெருந்தகையாளர் அல்லவா! தினமும் காலையில் இரண்டு செம்மல்களைப் பையில் போட்டுக்கொண்டு வந்த வேடிக்கையை நினைத்து நாமே சிரித்துக்கொள்வோம். இதே ரொட்டி வடக்கே ‘ப்ரோய்ட்ஷன்’, பெர்லினில் ‘ஷ்ரிப்பே’, மேற்கே ஸ்வாபியர் வாழும் பகுதியில் ‘வெக்லே’. ஒரே நாட்டில் ஒரு ரொட்டிக்கு இத்தனை பெயரா என்று வியக்கலாம். நம் ஊரிலே குழம்புக்கும் சாம்பாருக்கும் சாறுக்கும் இரசத்துக்கும் மாவட்டந்தோறும் நடக்கும் வழக்கை எண்ணிப் பார்த்தால் வியப்பு அடங்கிவிடும்.

நேரம் சொல்வதில்தான் பெரும் இடர்ப்பாடு உண்டு. நாம் ஏழரை என்கிறோம்; ஏழுடன் அரை சேர்ந்தது. ஜெர்மானியரோ அதே நேரத்தை ‘ஹால்ப் ஆஹ்ட்’, அதாவது ‘அரை எட்டு’ என்கின்றனர். எட்டாம் மணி பிறந்து பாதி ஓடிவிட்டது என்பது அவர்கள் கணக்கு. தெற்கிலும் கிழக்கிலும் பல ஊர்களில் ‘முக்கால் எட்டு’ என்பர். அது நம்முடைய ஏழேமுக்கால். ஆங்கிலப் பழக்கத்தில் ‘அரை எட்டு’ என்பதை எட்டரை எனக் கொள்பவர், வந்துசேரும்போது திருப்பலி முடிந்து மெழுகுதிரிகளை அணைத்துக்கொண்டிருப்பார்கள். எண்களும் அப்படியே. இருபத்தொன்று அங்கே ‘ஒன்றும் இருபதும்’. தொலைபேசி எண்ணை ஒருவர் இரண்டிரண்டு இலக்கமாக வேகமாய்ச் சொல்லும்போது, எழுதும் கை வலமா இடமா என்று தயங்கும். அங்கு பல ஆண்டு வாழ்ந்த நம் நாட்டுக் குரு ஒருவர், ‘நான் ஜெர்மனில் கனவு காண்கிறேன், ஆனால் காணிக்கைப் பணத்தை இன்றும் தமிழில்தான் எண்ணுகிறேன்’ என்று சொன்னதை நம்பினோம்.

தமிழர்க்கு இம்மொழியில் சில சலுகைகளும் உண்டு என்பதைச் சொல்லாமல் விடலாகாது. ஆங்கிலம் மட்டும் அறிந்தவர்கள், வினைச்சொல் வாக்கியத்தின் இறுதிக்குப் போய்விடுகிறதே என்று புலம்புவர். அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வெயின் 1880-இல் இம்மொழியின் கொடுமைகளைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதி உலகைச் சிரிக்கவைத்தார். நமக்கு அதில் புலம்ப என்ன இருக்கிறது? ‘அவர் நேற்று நகரத்திற்குப் போனார் என்று எனக்குத் தெரியும்’ என்பதில் ‘போனார்’ என்பது தன் சொற்களையெல்லாம் முன்னே விட்டுப் பின்னே வருவது நம் பிறவிப் பழக்கம். ஜெர்மன் மொழியின் துணை வாக்கியங்களிலும் வினை அவ்வாறே கடைசியில் வருகிறது. சொல்லோடு சொல்லைப் புணர்த்திப் புதுச்சொல் ஆக்குவதும் நமக்குப் புதிதன்று. கையுறை அவர்களுக்குக் ‘கைச்செருப்பு’. தையற்காரர் விரலில் மாட்டும் அங்குசுத்தான் ‘விரல்தொப்பி’. மருத்துவமனை ‘நோயாளர் வீடு’. குருவுக்கும் ஒரு பெயர் உண்டு: ‘ஸேல்ஸோர்கர்’. ஆன்மாக்களைப் பற்றிக் கவலைப்படுபவர் என்று அதனைப் பிரித்துச் சொல்லலாம். அப்பெயருக்கு முன் நாம் சற்றே கூசி நின்றதுண்டு.

பால் வேறுபாடு மட்டும் எந்தச் சலுகையும் தருவதில்லை. நாம் பகுத்தறிவு உள்ளதை உயர்திணை என்றும் மற்றதை அஃறிணை என்றும் நேர்மையாகப் பிரித்துவிட்டோம். அங்கே உணவு மேசையிலேயே கரண்டி ஆண், முட்கரண்டி பெண், கத்தி இரண்டுமில்லை. சூரியன் பெண், நிலவு ஆண். ‘மேட்ஷன்’ என்னும் சிறுமியோ பெண்பால் அல்லள், அஃறிணைபோல் வழங்கப்படுகிறாள். சிறுமையைக் குறிக்கும் ‘ஷன்’ என்னும் விகுதி ஏறிய சொற்களுக்கெல்லாம் அதுவே விதி. இதற்கு மருந்து சிறுவர்களே. பீடச் சிறுவர்கள் நம்மோடு பந்து விளையாடிக்கொண்டே, அந்நியர் ஒருவர் பாலை மாற்றிச் சொன்னால், சிரிக்காமல், நிறுத்தாமல், சரியான அடைமொழியை மட்டும் எடுத்துப் போட்டுவிட்டு ஓடுவார்கள். பெரியவர்களுக்கோ மரியாதை குறுக்கே நிற்கிறது. எதைச் சொன்னாலும் ‘நன்றாகப் பேசுகிறீர்களே’ என்று பாராட்டிவிடுகிறார்கள்.

மரியாதை என்றதும் இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. நம்மைப்போலவே அவர்களுக்கும் ‘நீ’ என்றும் ‘நீங்கள்’ என்றும் இரண்டு உண்டு: ‘டூ’, ‘ஸீ’. பல ஆண்டு அடுத்தடுத்த வீட்டில் வாழ்ந்தும் ‘நீங்கள்’ என்றே பேசிக்கொள்வோர் இருக்கின்றனர். மூத்தவர்தான் முதலில், ‘இனி நாம் நீ என்றே பேசலாமே’ என்று முன்வர வேண்டும். அது ஒரு சிறு சடங்கைப்போல நடக்கும். ஆனால் கடவுளிடம் மட்டும் எல்லாரும் முதலிலிருந்தே ‘டூ’ தான். நாம் செபங்களில் ‘நீர், உமது’ என்னும் நடுத்தரமான, நெருக்கமும் வணக்கமும் கலந்த சொல்லை வழங்குகிறோம். தமிழில் உள்ள இந்த மூன்றாம் படியை நாம் விளக்கியபோது, ஊர்ப் பள்ளி ஆசிரியர் ஒருவர், ‘எங்களுக்கும் அப்படி ஒன்று இருந்திருக்கலாமே’ என்று பொறாமைப்பட்டார்.

உரையாடலில் மட்டுமே பிடிபடும் சிறு சொற்கள் பல. ‘பிட்டே’ என்பது தயவுசெய்து, இதோ வாங்கிக்கொள்ளுங்கள், பரவாயில்லை, என்ன சொன்னீர்கள் என்னும் அத்தனையும். ‘டோஹ்’ என்பது அதைவிட நுட்பமானது. ‘பசியில்லையா?’ என்று கேட்டால் தமிழன் ‘இல்லை, பசிக்கிறது’ என்றோ ‘ஆமாம், பசியில்லை’ என்றோ முழுதாகச் சொல்ல வேண்டும். ஜெர்மானியர் ‘டோஹ்!’ என்று ஒரே எழுத்துச் சத்தத்தில் உங்கள் ‘இல்லை’யை மறுத்துவிடுவார். உடனே தட்டில் இன்னொரு துண்டு இறைச்சி விழும்.

இவ்வாறு பேச்சிலே மொழி பயின்ற நம் எண்ணம் பலமுறை தரங்கம்பாடிக்குச் சென்றது. 1706-இல் அங்கே கப்பலில் வந்திறங்கிய ஜெர்மானியரான சீகன்பால்கு, லுத்தரன் சபையைச் சேர்ந்தவர். அவருக்கு அகராதியும் கிடையாது, வகுப்பும் கிடையாது. தமிழ்ப் பள்ளி ஆசிரியர் ஒருவரைத் தம் இல்லத்திலேயே பள்ளி நடத்தச் செய்து, சிறு பிள்ளைகளோடு பிள்ளையாய்த் தரையில் அமர்ந்து, மணலிலே விரலால் அ, ஆ எழுதினார். பத்து ஆண்டுகளில், 1716-இல், அவர் இலத்தீனில் எழுதிய தமிழ் இலக்கணம் ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சேறியது. 1719-இல், நாற்பது வயதும் நிரம்பாமல் இறந்தார். குளிர்சாதனப் பெட்டியும் மின்தூக்கியும் உள்ள குருமனையில் இருந்துகொண்டு, ‘இம்மொழி கடினம்’ என்று நாம் பெருமூச்சு விடும்போதெல்லாம், அந்த மணல் தட்டு கண்முன் வந்து நிற்கும்.

ரொட்டிக் கடைக்கு அடுத்து நமக்குப் பள்ளியாக அமைந்தது ஊர்க் கல்லறைத் தோட்டம். ஜெர்மானியர் அதனை ‘ஃப்ரீட்ஹோஃப்’ என்பர். இன்று கேட்பவர் காதுக்கு அது ‘அமைதி முற்றம்’ என்று ஒலிக்கும். கல்லறை ஒவ்வொன்றும் ஒரு சிறு பூந்தோட்டம். கோடை மாலைகளில் முதியோர் வந்து, தண்ணீர்க் குழாயடியில் பூவாளிகளை நிரப்பிக்கொண்டு நிற்பர். நம் ஊரில் குழாயடிச் சண்டை உண்டு. அங்கே குழாயடி உரையாடல். மருத்துவர், பேரப்பிள்ளைகள், விலைவாசி, புதிய ஆயர் மடல், தக்காளியில் பூச்சி என்று எல்லாமே அங்கு பேசப்படும்.

அங்கே ஒரு மூதாட்டி நம்மைத் தம் மாணவராகவே ஏற்றுக்கொண்டார். எண்பத்தைந்தைக் கடந்தவர். கணவர் கல்லறைக்கு நாள்தோறும் இரண்டு பூவாளித் தண்ணீர். ஒன்றை அவர் தூக்குவார், ஒன்றை நாம். பூவின் பெயர், அதன் பால், அதன் பன்மை என்று ஒரு நாளைக்கு மூன்று பூ பாடம் நடக்கும். ஒரு மாலை, பேச்சு எப்படியோ அவருடைய பிறந்த ஊருக்குத் திரும்பியது. அவர் பவேரியர் அல்லர். சைலீசியாவில், பிரெஸ்லாவ் நகரத்தையடுத்த சிற்றூரில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போருக்குப்பின் கிழக்கு நிலங்களிலிருந்து ஒரு கோடிக்கும் மேற்பட்ட ஜெர்மானியர் வெளியேற்றப்பட்டனர். அந்நிலம் இன்று போலந்தில் உள்ளது. 1946-இல் ஏழு வயதுச் சிறுமியாக, தாயின் கையைப் பிடித்துக்கொண்டு, சரக்கு இரயிலில் இவ்வூர் வந்து சேர்ந்தார்.

‘நானும் ஜெர்மன் பேசினேன், இவர்களும் ஜெர்மன் பேசினார்கள், ஒருவருக்கும் ஒன்றும் புரியவில்லை. உருளைக்கிழங்கை நான் கார்டோஃபல் என்றேன், வகுப்பே சிரித்தது. இங்கே அது எர்ட்எப்ஃபல், நிலத்து ஆப்பிள். அன்று வீட்டுக்குப் போய் அம்மாவிடம், இனி நம் பேச்சைத் தெருவில் பேசாதே என்று சொன்னேன். அம்மா பிறகு தெருவில் பேசவே இல்லை, ஹெர் ஃபாரர். பல ஆண்டுகள்.’

ஹெர் ஃபாரர் என்பது பங்குத்தந்தையை அவர்கள் அழைக்கும் மரியாதைச் சொல். அதைச் சொல்லிவிட்டு அவர் பூவாளியைச் சாய்த்துக்கொண்டே நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. நமக்குச் சொல்ல ஆறுதல் வார்த்தைகள் தமிழில் பத்து வந்தன. ஜெர்மனில் ஒன்றும் வரவில்லை. ஒருவேளை வேண்டியிருக்கவுமில்லை.

தாயின் வாயை மூடும் அந்தத் துயரத்தின் மறுபக்கத்தை நாம் கெவெலாரில் கண்டோம். ஹாலந்து எல்லையருகே 1642 முதல் துயருற்றோர்க்கு ஆறுதலான அன்னையின் திருத்தலமாய் விளங்கும் சிற்றூர் அது. உள்நாட்டுப் போரினால் இலங்கையிலிருந்து அகதிகளாய் வந்து ஜெர்மனியில் குடியேறிய தமிழ் மக்கள், ஆண்டுதோறும் ஆகஸ்டு மாதத்தில் அங்கே பெருந்திரளாய்க் கூடுகின்றனர். மடுமாதாவைப் பிரிந்து வந்தவர்களுக்கு இந்த அன்னை ஆறுதல். தாய் தமிழில் பேச, மகள் ஜெர்மனில் விடை சொல்ல, இருவரும் அதைக் கவனிப்பதேயில்லை. முப்பது ஆண்டுகளுக்குமுன் மருத்துவரிடமும் அலுவலகங்களிலும் தாய்க்காக மொழிபெயர்த்தது எட்டு வயது நிரம்பிய அந்த மகள்தானாம். ‘அம்மாவுக்கு என்ன நோய் என்று அம்மாவுக்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது, ஃபாதர்’ என்றார், இன்று தாமே இரு பிள்ளைகளுக்குத் தாயான அவர். பேச்சு மொழி பிள்ளைகளுக்கு எளிதில் வருகிறது என்று நாம் மகிழ்ந்துகொள்கிறோம். அது அப்பிள்ளையின் முதுகில் ஏற்றிய சுமையை நாம் எண்ணிப் பார்த்ததில்லை.

இறுதியாக, பிள்ளைகளை அனுப்பவிருக்கும் பெற்றோருக்காக ஒன்று. நாம் வாரந்தோறும் நற்கருணை கொண்டுசென்ற முதியோர் இல்லத்தில், தென் தமிழகத்துப் பங்கு ஒன்றைச் சேர்ந்த இளம் செவிலி பணியாற்றினாள். அங்கே செவிலியர்க்குப் பொதுவாக எதிர்பார்க்கப்படும் பி2 படியை நல்ல மதிப்பெண்ணுடன் தேறியவள். மருந்துப் பெயர்களும் உடலுறுப்புப் பெயர்களும் அத்துப்படி. ஒரு நண்பகல், குடியானவராய் வாழ்ந்து முதிர்ந்த ஒருவர் சூப்புத் தட்டின்முன் அமர்ந்து, ‘இ மோக் நிம்மா’ என்றார். ‘எனக்கு இனி வேண்டாம்’ என்னும் பொருள்படும் பவேரியப் பேச்சு. அவளும் சரியாகவே புரிந்துகொண்டு, பணிவுடன் தட்டை எடுத்துச் சென்றாள். அவ்வழியே வந்த உள்ளூர் மூத்த செவிலி, தட்டைப் பாராமல் அவர் முகத்தைப் பார்த்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு அருகில் அமர்ந்தார். கையைத் தம் கைக்குள் வைத்துக்கொண்டார். சூப்பு வேண்டாம் என்பதற்கும் அதே மூன்று சொற்கள். வாழ்ந்தது போதும் என்பதற்கும் அதே மூன்று சொற்கள். கிழவர் மெல்ல அழுதார். அந்த வாரத்தோடு அவர் மனைவி இறந்து ஓராண்டு.

அன்று மாலை அப்பெண் நம்மிடம், ‘ஃபாதர், எனக்கு அந்த வாக்கியம் தெரியும், ஆனால் தெரியவில்லை’ என்றாள். அடுத்த வாரம் அவளுடைய சீருடைப் பையில் ஒரு சிறு குறிப்பேடு இருந்தது. அகராதியில் கிடைக்காததை மட்டும் எழுதுவதற்காம். பணி முடிந்தபின் அரை மணி நேரம் அக்கிழவரோடு அமர்ந்து, அவர் வளர்த்த பசுக்களின் பெயர்களைக் கேட்டு எழுதிக்கொண்டிருந்தாள். அவர் எழுத்தெழுத்தாய்ச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். நாம் எட்டிப் பார்த்தபோது, பசுக்களின் பட்டியலுக்கு முந்தைய பக்கத்தில், தமிழ் எழுத்தில் ‘இ மோக் நிம்மா’ என்றும், அதன் எதிரே ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு பொருளும் எழுதியிருந்தன. இரண்டாவதன்கீழ் ஒரு குறிப்பு: ‘தட்டை எடுக்காதே. உட்கார்.’